அந்த நீல நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்: நெல்லைச் சீமை மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, தாமிரபரணிக் கரையை விட்டு வெளியே போகாமலேயே என் பணிக்காலம் முழுவதையும் கழித்தேன். சம்பளத்தைப் பற்றியோ பதவி உயர்வைப் பற்றியோ இந்த மடலில் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அவற்றைக் கேட்பதற்குச் சங்கங்கள் இருக்கின்றன. நான் கேட்க வந்தது ஒரு நோட்டைப் பற்றி. நீல அட்டை போட்ட, இருநூறு பக்க நீள நோட்டு அது. உங்களில் ஒருவருடைய அலுவலக அலமாரியில் இப்போது பூட்டிக் கிடக்கிறது.

எந்த மருத்துவமனை என்று எழுதமாட்டேன். இதை ஒரு நிர்வாகத்தின் மீதான புகாராக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த நோட்டு உங்களில் வேறு யாருடைய மருத்துவமனையில் இருந்திருந்தாலும் அதற்கு ஏறத்தாழ இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்பதை என் அனுபவத்தில் அறிவேன். அந்த நோட்டைத் தொடங்கிய செவிலியரின் பெயரையும் எழுதவில்லை. அவள் என்னிடம் பயிற்சிக்கு வந்தபோது இருபது வயதுப் பெண். பிறகு பெண்கள் பொது மருத்துவ வார்டின் இன்சார்ஜ் சிஸ்டராக உயர்ந்து, நான் ஓய்வு பெறும் வரைக்கும் பக்கத்து வார்டில் இருந்தாள். என் மகள் வயதுக்காரி என்பதால் 'அவள்' என்று எழுதும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுடைய வார்டில் நடக்கவிருந்து நடக்காமல் போன தவறுகளும், நடந்தேவிட்ட தவறுகளும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. யார் செய்தார் என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது. என்ன நேர்ந்தது, எந்த நேரத்தில் நேர்ந்தது, எதனால் நேர்ந்திருக்கலாம், நாளையிலிருந்து என்ன செய்வது என்று நாலைந்து வரிகள், அவ்வளவுதான். காலை டூட்டி மாறும்போது ஐந்து நிமிடம் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கேஸ் ஷீட்டைக் கையில் எடுப்பார்கள்.

முதல் பக்கத்தில் இருப்பது இன்சுலின் பற்றியது. முக்கூடல் பக்கத்திலிருந்து வந்திருந்த, வாழ்நாளெல்லாம் பீடி சுற்றிய ஒரு பாட்டிக்கு இரவு 20 யூனிட் போடவேண்டியிருந்தது. இன்சுலின் ஒரே வலிமையில் வருவதில்லை என்பது உங்களில் மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு. முதலாவதற்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. இரண்டாவதற்கு உரியது ஆரஞ்சு. வார்டில் இருந்தவை சிவப்பு மூடிச் சிரிஞ்சுகள். பாட்டியின் மகன் வெளிக்கடையில் வாங்கி வந்ததோ 100 யூனிட் குப்பி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரைக்கும் மருந்தை இழுத்தால் அது அரை மில்லி. அந்தக் குப்பியிலிருந்து வந்த அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். இரண்டு நாளாகக் கஞ்சிகூடச் சரியாக இறங்காத எழுபது வயது உடம்பில் 50 யூனிட் இன்சுலின் ஏறியிருந்தால், சர்க்கரை இறங்கி இறங்கி, தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது பாட்டி நினைவு தப்பியிருப்பார்.

போடவிருந்த பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். இன்சுலினை இரண்டாவது ஆளிடம் காட்டாமல் போடக்கூடாது என்று இன்சார்ஜ் சிஸ்டர் விதி வைத்திருந்தாள். குப்பியும் சிரிஞ்சும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும், "நில்லும்மா" என்று ஒரு சொல் சொன்னாள். ஏசவில்லை, நோயாளி முன்னால் எதுவும் பேசவும் இல்லை. மருந்தைக் கொட்டிவிட்டுச் சரியான சிரிஞ்சைத் தேடி எடுத்துவரச் செய்து, கூடவே நின்றாள். மறுநாள் காலையில் ஒரு நீள நோட்டை வாங்கிவந்து முதல் பக்கத்தில் அந்த நான்கு வரிகளை எழுதினாள். அன்று மதியத்துக்குள் வார்டில் இன்சுலினுக்கு இரண்டு தனித்தனித் தட்டுகள் வந்துவிட்டன. வெளியிலிருந்து வாங்கி வரும் குப்பியை யாரும் நேரே நோயாளியின் தலைமாட்டில் வைக்காமல் செவிலியர் மேசையில் காட்டிவிட்டே வைக்கவேண்டும் என்ற ஏற்பாடும் அன்றிலிருந்துதான் தொடங்கியது.

அடுத்து வரும் பல பக்கங்கள் பெயர்களைப் பற்றியவை. நம் சீமையில் குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். இசக்கியம்மாள், பேச்சியம்மாள், மாரியம்மாள், முப்பிடாதி என்ற பெயர்களில் ஒரே வாரத்தில் ஒரே வார்டில் மூன்று பேர் படுத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆண்கள் வார்டில் சுடலைமுத்துவும் மாடசாமியும் ஆறுமுகமும் அப்படியே. தலைப்பெழுத்து வேறுபடுத்திக் காட்டும் என்று நினைப்பீர்கள். ஒருத்திக்கே ஒரு சீட்டில் அப்பா பெயரின் எழுத்தும், இன்னொரு சீட்டில் வீட்டுக்காரர் பெயரின் எழுத்தும் இருக்கும். காப்பீட்டு அட்டையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். படுக்கை எண்ணை நம்பலாம் என்றால், மின்விசிறிக்குக் கீழே உள்ள கட்டில் காலியானதும் அங்கே மாறிப் படுத்துக்கொள்ளாத நோயாளி நம் ஊரில் யார்? சித்திரை வெக்கையில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே அவள் தன் வார்டில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாள். "நீங்கதான இசக்கியம்மா?" என்று கேட்கக்கூடாது. காது மந்தமான கிழவியானாலும், அரைத்தூக்கத்தில் இருப்பவளானாலும், வெள்ளை உடுப்பைக் கண்டதும் "ஆமா தாயி" என்று சொல்லிவிடுவாள். "ஒங்க பேரு என்ன தாயி? எந்த ஊரு?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும்; பிறகு கேஸ் ஷீட்டிலுள்ள ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) கையில் கட்டியிருக்கும் பட்டையையும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஊசிக்கும். பத்து நாள் படுத்திருந்து, செவிலியருடன் சொந்தக்காரியைப் போலப் பழகிவிட்ட நோயாளிக்கும் இதே கேள்விதான். "தெனமும் எம் பேர மறந்து போறியே தாயி" என்று ஒரு பாட்டி வருத்தப்பட்டபோது, அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஏன் கேட்கிறோம் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னதை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பாட்டியே பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இரத்தம் ஏற்றும்போது இந்தப் பழக்கத்தின் அருமை இன்னும் தெரியும். பொருந்தாத வகை இரத்தம் சிறிதளவு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. பையிலுள்ள எண்ணையும் வகையையும் நோயாளியின் பெயரையும் இரண்டு பேர் கட்டிலருகே நின்று உரக்க வாசித்து ஒத்துப் பார்க்கவேண்டும் என்பதும், முதல் பதினைந்து நிமிடங்கள் அருகிலேயே நின்று குளிர் நடுக்கமோ இடுப்பு வலியோ மூச்சுத்திணறலோ வருகிறதா என்று கவனிக்கவேண்டும் என்பதும் எல்லா நர்சிங் பள்ளிகளிலும் சொல்லித் தரப்படுபவை. சொல்லித் தரப்பட்டதை இரவு இரண்டு மணிக்கு, நாற்பது நோயாளிகளுக்கு நடுவே, யாரும் பார்க்காதபோதும் செய்ய வைப்பதைத்தான் நான் தலைமை என்கிறேன். அதை அவள் அதட்டிச் செய்ய வைக்கவில்லை. தானும் வரிசையில் நின்று, தன் ஊசியையும் நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் நீட்டி, "பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்டாள். தன் கையை மற்றவர் சரிபார்ப்பதில் இன்சார்ஜ் சிஸ்டருக்கே குறைச்சல் இல்லை என்றால், மற்றவர்களுக்கு எங்கிருந்து வரும்?

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீர் ஆம்பியூலைப் போலவே தோற்றமுள்ள அந்த மருந்தைக் கலக்காமல் நேரே இரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். 2007இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்புக்கென்று ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, இத்தகைய அடர்ந்த உப்புக் கரைசல்களைக் கட்டுக்குள் வைப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதும், ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பெயர்களும், டூட்டி மாறும்போது செய்தியைக் கைமாற்றுவதும் அதே ஒன்பதில் அடக்கம். அவளிடம் அந்த அறிக்கை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் செய்தது, அந்த ஆம்பியூல்களை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்து, ஒரு தகரப் பெட்டியில் வைத்து, சிவப்பு நாடா சுற்றிப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டதுதான்.

நோயாளிகளே பிடித்துக் கொடுத்த தவறுகளும் அந்த நோட்டில் உண்டு. "எம்மா, நேத்து தந்தது வெள்ள மாத்திரைல்லா, இது மஞ்சளா இருக்கே" என்று களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். வழக்கமாக நாங்கள் என்ன சொல்வோம்? "டாக்டர் எழுதியிருக்கார், சாப்பிடுங்க" என்போம். அவளுடைய வார்டில் மாத்திரையை நோயாளியின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்ச் சரிபார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலுக்குரிய இரத்த அழுத்த மாத்திரை அது. அன்று அந்தப் பெண் வாயைத் திறந்து கேட்டதற்கு, அதற்கு முந்தைய நாட்களில் அந்த வார்டில் யாரும் அவளை ஏசி வாயடைக்காததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. இரவு டூட்டிக்கு வந்தவர்கள் விடிந்தும் வீடு திரும்ப முடியவில்லை. மாற்ற வரவேண்டியவர்களுக்குப் பாதை இல்லை. தங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்ததா, பிள்ளைகள் மாடிக்கு ஏறினார்களா என்று தெரியாமலேயே அந்தப் பெண்கள் ஒன்றரை நாள் வார்டில் நின்றார்கள். அந்த நேரத்தில் அவள் எடுத்த முதல் முடிவு, களைத்த கையை நம்பக்கூடாது என்பது. கண் சொருகுகிறது என்று சொல்பவர் உடனே ஊசி மருந்து வேலையிலிருந்து விலகி, நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது போன்ற வேலைக்கு மாறிக்கொள்ளவேண்டும். ஊசி மருந்து எடுப்பவர் தனியாக எடுக்கக்கூடாது. இரண்டு மணி நேரம் தூங்குவதற்கு முறை வைக்கவேண்டும். "எனக்குக் கண் சொருகுது சிஸ்டர்" என்று சொல்வதற்கு அந்தப் பெண்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. அந்த இரண்டு நாட்களுக்கென்று நோட்டில் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. ஈரக்கை பட்டு மை கலைந்த பக்கங்கள் அவை.

இப்போது என் கதையைச் சொல்லவேண்டும். இதுவரை என் கணவரிடம்கூடச் சொல்லாதது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. வேறொரு மருத்துவமனை. இரவு டூட்டியில் ஒரு பேச்சியம்மாளுக்குப் போடவேண்டிய கிருமிக்கொல்லி ஊசியை, கட்டில் மாறிப் படுத்திருந்த இன்னொரு பேச்சியம்மாளுக்குப் போட்டுவிட்டேன். போட்டு முடித்து கேஸ் ஷீட்டில் எழுதப் போனபோதுதான் தெரிந்தது. என் கை கால்கள் ஓய்ந்துவிட்டன. விடியும் வரைக்கும் அந்த அம்மாளின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உடம்பில் தடிப்பு வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. உரியவருக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கு முந்தைய வாரம்தான் எங்களில் மூத்தவர் ஒருவர் தன் தவறைத் தானே போய்ச் சொல்லியிருந்தார். அவரை வார்டின் நடுவே நிற்கவைத்து, நோயாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்கக்கூடாத வார்த்தைகளால் ஏசினார்கள். பிறகு பணியிடை நீக்கம் செய்தார்கள். அதைப் பார்த்து நின்ற நான் கற்றுக்கொண்டது, வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை.

மறு மாதம் அதே வார்டில், அதே மின்விசிறிக் கட்டிலில், அதே விதமாக இன்னொரு செவிலியர் ஆள் மாறி ஊசி போட்டார். அந்த நோயாளிக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வீங்கி, மூச்சுக்குழல் அடைத்து, மருத்துவர்கள் ஓடிவந்து போராடி மீட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார் என்பதனாலேயே இன்று இதை எழுத எனக்குக் கை வருகிறது. நான் சொல்லியிருந்தால் அந்தக் கட்டில் விவகாரம் ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் வீங்கிய முகம் இருபத்தொன்பது ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது. என் மீது குற்றம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் வாயை அடைத்தது எது என்பதையும் நீங்கள் கேட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த நோட்டு எப்படி அலமாரிக்குப் போனது என்பது சுருக்கமான கதை. ஆய்வுக் குழு ஒன்று வந்தது. மற்ற வார்டுகளின் பதிவேட்டில் தவறுகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அவள் தன் நோட்டை மறைக்காமல் எடுத்து நீட்டினாள். நூறு பக்கத்துக்கு மேல் நிரம்பியிருந்த நோட்டைப் பார்த்த நிர்வாகம், இத்தனை தவறுகள் உன் வார்டில் மட்டும் எப்படி நடந்தன என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது. எந்தப் பக்கம் யாருடைய தவறு என்று பெயர் குறித்துத் தரும்படி கேட்டார்கள். அவள் தரவில்லை. "வார்டு என் பொறுப்பு, எல்லாப் பக்கத்துக்கும் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தாள். நோட்டைப் பறிமுதல் செய்து, அவளை வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது அந்தப் பெண்கள் வார்டின் பதிவேட்டிலும் 'இல்லை' என்றே எழுதப்படுகிறது.

ஐயா, அம்மையீர், 'இல்லை' என்று எழுதியிருக்கும் வார்டில் என் பேத்தியைச் சேர்க்க நான் பயப்படுவேன். நூறு பக்கம் எழுதியிருக்கும் வார்டில் தயங்காமல் சேர்ப்பேன். நாற்பது கட்டில், நாளொன்றுக்கு ஒவ்வொருவருக்கும் நாலைந்து வேளை மருந்து, மூன்று டூட்டி, மாறி மாறி வரும் பயிற்சிப் பிள்ளைகள். இத்தனைக்கும் நடுவே மாதக்கணக்கில் ஒரு சறுக்கலும் நேரவில்லை என்று ஒரு காகிதம் சொன்னால், அந்த வார்டில் பேச்சு நின்றுவிட்டது என்று பொருள்.

பாபநாசம் அணையின் நீர்மட்டம் 143 அடியை நெருங்கும்போது அங்கே பணியில் இருப்பவர் கீழேயுள்ள ஊர்களுக்குத் தகவல் அனுப்புகிறார். தண்ணீர் ஏன் ஏறியது என்று அவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அவர் சொன்ன உடனே அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் நெல்லையிலும் கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகிறார்கள். அவர் பயந்துபோய் 100 அடி என்று எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பது ஆற்றங்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வார்டில் நின்று அளவு பார்த்துச் சொன்னவளுக்கு நாம் மெமோ கொடுத்திருக்கிறோம்.

ஆண்டுதோறும் மே 12 அன்று உங்கள் மருத்துவமனைகளில் செவிலியர் நாள் கொண்டாடுகிறீர்கள். கையில் விளக்கேந்தி எங்கள் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். அந்த அம்மையார் 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி மருத்துவமனைக்குப் போனவர். இரவில் விளக்கோடு நடந்தவர் என்பது உண்மை. அதே அம்மையார் இறந்த படைவீரர்களைக் கணக்கெடுத்து, போர்க்காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை 1858இல் வண்ண வரைபடமாகவே வரைந்து, தன் நாட்டு அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர். தம் மருத்துவமனையின் குறையை எண்ணி எழுதியதற்காக அவரை இன்று நாம் வணங்குகிறோம். நம் வார்டில் அதையே செய்த பெண் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளை நடத்துபவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நுழைவாயிலில் என்.ஏ.பி.எச். சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறீர்கள். நடந்த தவறுகளையும், நடக்கவிருந்து நடக்காமல் போனவற்றையும் பதிவுசெய்து ஆராயவேண்டும் என்று அந்தத் தர விதிகளே சொல்கின்றன. ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட ஒரு படிவம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பியவருக்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் வார்டிலுள்ளவர்கள் அடுத்த படிவத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறார்கள்.

செவிலியரின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள 168 மருத்துவமனைகளைப் பார்த்து, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருப்பதைக் காட்டியது. நம் வார்டுகளில் இரவில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பணியிடங்களை நிரப்புவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதையும் நான் அறிவேன். ஆனால் இருக்கிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயப்படாமல் பேசிக்கொள்ள விடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது; அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

எல்லாத் தவறையும் மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தவரை நான் காப்பாற்றமாட்டேன். கட்டிலருகே போகாமலேயே இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பவரையும் காப்பாற்றமாட்டேன். என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட இருவர் மீது நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவனமாக வேலை செய்துகொண்டிருந்தபோது சறுக்கி, சறுக்கியதைத் தானே வந்து சொன்னவரையும் அவர்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். தானே வந்து சொன்ன எதற்கும் மெமோ கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டு, உங்கள் கையொப்பத்துடன் எல்லா வார்டிலும் ஒட்டுங்கள். தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தைச் செவிலியர் எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டி, "சரி" என்ற சொல் வந்த பிறகே போடுவது என்ற உரிமையை அவருக்குக் கொடுங்கள். திரும்ப வாசித்ததற்காகக் கோபப்படும் மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் வார்டிலுள்ள கடைசிப் பயிற்சிப் பிள்ளைக்கும் இருக்கட்டும். உங்கள் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் வார்டில் நிற்கும் செவிலியர் ஒருவரை உட்காரவையுங்கள். தேநீர் கொண்டுவரும் பொறுப்பை அவரிடம் தராதீர்கள். ஒரு வார்டைக் கட்டி எழுப்பிய இன்சார்ஜ் சிஸ்டரை, பழகிய கைகள் பழகிய இடத்தில் இருக்கும்போதே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறெங்காவது மாற்றாதீர்கள்.

அவளை அந்த வார்டுக்குத் திரும்ப அனுப்புங்கள். அவள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். டோக்கன் கொடுக்கும் இடத்திலும் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் கொடுக்கிறாள் என்று சென்ற வாரம் மருந்து வாங்கப் போன என் அண்டை வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

நோட்டைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று, மாலை மரியாதையெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய வார்டுக்குப் போனேன். நோட்டைக் கேட்டு வாங்கி, அதன் கடைசிப் பக்கத்தில், இரண்டு பேச்சியம்மாள்களையும் மின்விசிறிக் கட்டிலையும் பற்றி எழுதினேன். அவள் விதிப்படி பெயர் எழுதக்கூடாது. நான் கீழே என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ கொடுக்க ஒரு பெயர் வேண்டுமென்றால் அந்த நோட்டில் அந்த ஒரு பெயர் இருக்கிறது. என் முகவரியும் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. வந்து விளக்கம் தருகிறேன். நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.